லண்டனில் பார்த்த பழைய நாடகங்களும் நம்ம ஊர் கொடைக் கதைகளும்

பாளைமாணவி:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் பொதுச் சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். நாடகத்துக்கும் என் படிப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இங்கே வந்ததிலிருந்து பழைய நாடகம் எங்கே நடந்தாலும் மலிவுச் சீட்டு எடுத்துப் போய்விடுகிறேன். நம் ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் கோயில் திருவிழாவான கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த மன்றத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் சொல்லவும் கேட்கவும் சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்', பதவி ஆசையில் ராஜாவைக் கொல்லும் தளபதியின் கதை. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள குளோப் அரங்கில் பார்த்தேன். பழைய குளோப் 1599-இல் கட்டியது. 1613-இல் நாடகத்தின் நடுவே சுட்ட பீரங்கியிலிருந்து பொறி பறந்து கூரை பற்றி எரிந்துபோனது. மறு வருஷமே திரும்பக் கட்டினார்கள். 1642-இல் நாடகங்களுக்கே தடை வந்து மூடிவிட்டார்கள். இப்போது இருப்பதைக் கட்ட சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் பல வருஷம் பாடுபட்டிருக்கிறார். 1993-இல் அவர் இறந்துவிட்டார், அரங்கு திறந்தது 1997-இல். ஓக் மரச் சட்டம், நாணல் வேய்ந்த கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றத்தில் நாற்காலி கிடையாது. ஏறக்குறைய 700 பேர் நின்றுகொண்டே பார்க்கலாம். மழை வந்தால் நனைய வேண்டியதுதான், குடை விரிக்க விடமாட்டார்கள்.

நான் போனது மதிய ஆட்டம். மெக்பெத் கதையில் பெரும்பகுதி இருட்டில் நடக்கிறது. ராஜாவைக் கொல்வது இரவு, கூலிக்கொலைகாரர்கள் காத்திருப்பது இரவு, செத்தவன் ஆவி வந்து விருந்தில் உட்காருவது இரவு. மேலே பளீரென்று வெயில். மெக்பெத்தின் மனைவி லேடி மெக்பெத் தூக்கத்தில் நடந்து வந்து கையைக் கழுவிக்கொண்டே இருக்கும் காட்சியில் ஒரு மெழுகுவர்த்தி எடுத்து வருகிறாள். அந்த வெயிலில் சுடர் சரியாகத் தெரியக்கூட இல்லை. ஆனால் அதைப் பார்த்ததும் நாங்கள் இவ்வளவு பேரும் இரவுக்குள் போய்விட்டோம். என் பக்கத்தில் நின்ற பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடை விளிம்பில் சாய்ந்து நின்றிருந்த எனக்கு அந்த நடிகையின் விரல் நடுங்குவது தெரிந்தது. அவர்களுக்கும் எங்கள் முகம் தெரிகிறது. வாயிற்காவலனாக வந்தவர் முற்றத்தில் நின்றவர்களிடம் நேராகவே பேச்சுக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சுருக்கமாகப் படித்திருக்கிறேன். பேராசை, சூனியக்காரிகள், முடிவில் தண்டனை என்று கேள்வி பதிலாக மனதில் இருந்தது. ஆளும் பேருமாக எதிரே வந்து நிற்கும்போது அது வேறு. கொன்றுவிட்டு வந்தவன் கண்ணைப் பார்த்துவிட்டால், பதில் எழுத அவசரம் வருவதில்லை.

அடுத்தது 'மால்ஃபியின் கோமகள்'. ஜான் வெப்ஸ்டர் எழுதி 1613, 1614 வாக்கில் முதலில் நடித்த நாடகம். குளோப்பை ஒட்டியே சின்னதாக ஓர் உள்ளரங்கு இருக்கிறது, வானமேக்கர் பெயரில். 2014-இல் இதே நாடகத்தோடுதான் அதைத் திறந்தார்களாம். வெளிச்சம் முழுக்க மெழுகுவர்த்தி. கூரையிலிருந்து தொங்கும் மெழுகுவர்த்திக் கொத்துகளை ஏற்றி இறக்குகிறார்கள். தேன்மெழுகு வாசனை அரங்கம் முழுக்க.

கதை இதுதான். கணவனை இழந்த இளம் கோமகள். அண்ணன் ஒருவன் கர்தினால், கூடப்பிறந்த இரட்டைச் சகோதரன் ஒருவன் பிரபு. மறுமணம் கூடாது என்று இருவரும் சொல்கிறார்கள். அவள் தன் வீட்டு நிர்வாகியை, தன்னைவிடத் தாழ்ந்த குலத்தானை, ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிள்ளைகள் பிறக்கிறார்கள். அண்ணன்மார் ஒற்றன் வைத்துக் கண்டுபிடித்து, அடைத்து வைத்து, கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்கிறார்கள். நடுவில் ஒரு காட்சியில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, சமாதானம் பேச வந்தவன் போல அவள் கையில் ஒரு பிணத்தின் கையைக் கொடுக்கிறான் சகோதரன். நிஜமாகவே மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டார்கள். கும்மிருட்டு.

இடைவேளையில் பக்கத்தில் இருந்தவர்கள் கவிதையைப் பற்றி, நடிப்பைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வாய் வரவில்லை. எந்த ஊர்ப் பெண், எந்தத் தெரு, எந்தப் பேருந்து நிறுத்தம் என்றெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நம் மாவட்டத்துச் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் வந்திருக்கும். 400 வருஷத்துக்கு முந்தைய இத்தாலிக் கதை என்று என்னால் தள்ளி வைத்துப் பார்க்க முடியவில்லை.

அவள் செத்த பிறகும் ஓர் அங்கம் மிச்சம் இருக்கிறது. அவள் கல்லறைப் பக்கமாகக் கணவன் போகும்போது, அவன் பேசுவதற்கு எதிரொலி கேட்கிறது. எச்சரிக்கை போல, அவள் குரலிலேயே. அதோடு சரி. நம் ஊரில் இப்படிச் செத்த பெண் எதிரொலியாக நிற்கமாட்டாள். பீடம் கேட்பாள், வருஷத்துக்கு ஒரு கொடை கேட்பாள், கொன்றவன் வம்சத்திடம் கணக்குக் கேட்பாள். வெப்ஸ்டருக்கு, கொல்லப்பட்டுத் தெய்வமான நம் இசக்கியின் கதை தெரிந்திருந்தால் ஐந்தாம் அங்கத்தை வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று நினைத்தேன்.

இந்த நாடகங்களைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தது கொடைதான் என்று நம்புகிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?


தச்சநல்லூர்_வாசகன்:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி. ஆனால் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கொடை வழிபாடு. அங்கே யாரும் நடிப்பதில்லை. சாமியாடுகிறவர் வேஷம் போட்டவர் இல்லை. சீட்டு வாங்கி உள்ளே போய்க் கைதட்டிவிட்டு வருகிற நாடகத்தோடு அதைச் சேர்த்துப் பேசினால் இரண்டுக்குமே நியாயம் ஆகாது. சாமக்கொடையில் அரிவாளோடு வேட்டைக்குப் புறப்படும் சுடலைமாட சாமியைப் பார்த்து யாராவது 'பிரமாதமான நடிப்பு' என்று சொல்வார்களா?


மியூனிக்_நெல்லை:

தச்சநல்லூர் அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு எல்லா ஊரிலும் அவ்வளவு அழுத்தமாக இல்லை. நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். கோடை விடுமுறையில் கிரீஸ் போயிருந்தபோது எபிடாரஸ் அரங்கில் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் 'ஆண்டிகனி' பார்த்தேன். கி.மு. நான்காம் நூற்றாண்டில் மலைச்சரிவில் கட்டிய கல் அரங்கு. கீழே வட்டமாகத் தரை, அதைச் சுற்றி ஏறிக்கொண்டே போகும் 55 வரிசைக் கல்லிருக்கை. ஏறக்குறைய 14,000 பேர் உட்காரலாம். 1955-இலிருந்து அங்கே கோடைவிழா நடக்கிறது.

அந்த அரங்கு இருக்கும் இடமே கோயில். நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிளிப்பியஸின் தலம். நோயாளிகள் வந்து தங்கி, கனவில் தெய்வம் வரும் என்று படுத்து உறங்கிய ஊர் அது. ஏதென்ஸ் நகரத்திலும் அப்படித்தான். நாடகங்கள் நடந்தது டயோனிசஸ் தெய்வத்தின் திருவிழாவில். அங்குள்ள பழைய அரங்கில் முன்வரிசையில் நட்டநடு ஆசனம் பூசாரிக்கு. இன்றைக்கும் அந்தக் கல் ஆசனத்தைப் பார்க்கலாம். வழிபாட்டுக்குள்ளேதான் போட்டி வைத்து, பரிசு கொடுத்து, நாடகம் நடத்தியிருக்கிறார்கள். சாமிக்கும் கலைக்கும் அங்கே தனித்தனி வாசல் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆண்டிகனி கதை தெரியாதவர்களுக்கு: அண்ணன் தம்பி இரண்டு பேரும் எதிரெதிர்ப் படையில் நின்று ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். ஒருவனை மரியாதையோடு அடக்கம் செய்யவும், மற்றவனை நாய் நரிக்குப் போடவும் ராஜா கிரயோன் உத்தரவு போடுகிறான். தங்கச்சி ஆண்டிகனி, உத்தரவை மீறி அண்ணன் உடல் மேல் மண் தூவுகிறாள். பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியதும் 'செய்தேன்' என்கிறாள். அந்த இடத்தில் அத்தனை ஆயிரம் பேர் இருந்த அரங்கில் ஒரு சத்தம் இல்லை. மேல்வரிசையில் இருந்த எனக்கே அவள் பேசியது தெளிவாகக் கேட்டது.

எனக்குக் கயத்தாறு ஞாபகம் வந்தது. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தைக் கடக்கிறவர்கள் கல் போட்டுவிட்டுப் போவார்கள் என்றும், அது குவியலாகக் கிடந்தது என்றும் எங்கள் தாத்தா சொல்வார். ராஜாங்கம் ஒருவனை மறக்கச் சொன்னாலும் கடந்து போகிற ஆள் ஒரு கல்லாவது வைத்துவிட்டுப் போகிறான்.


கரையிருப்பு:

அக்கா, நான் அடுத்த வருஷம் இங்கிலாந்து வரப்போகிறேன். ஒன்றே ஒன்று கேட்கணும். சீட்டு எவ்வளவு? லண்டன் நாடகம் என்றால் நூறு பவுண்டு, இருநூறு பவுண்டு என்கிறார்கள்.


பாளைமாணவி:

தம்பி, அது பெரிய வணிக நாடகங்களின் நல்ல இருக்கைக்கு. குளோப் முற்றத்தில் நிற்பதற்கு நான் கொடுத்தது 10 பவுண்டுக்குள்தான். நேஷனல் தியேட்டரில் 16 முதல் 25 வயதுக்காரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு, இணையத்தில் பதிந்து வைத்துக்கொண்டால் போதும். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டிலும் இளையவர்களுக்குச் சலுகை இருக்கிறது. நிற்பதென்றால் நல்ல செருப்பும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள். கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போ. மொழி பழைய ஆங்கிலம், முதல் பத்து நிமிஷம் காதுக்குப் பிடிபடாது. கதை தெரிந்தால் பயம் இல்லை.

மியூனிக் அண்ணா, பூசாரியின் ஆசனம் எனக்குப் புதுச் செய்தி. நன்றி.


ஓய்வுபெற்ற_டீச்சர்:

பிள்ளைகளா, இப்படி ஓர் இழை வந்ததில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவள்.

கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போ என்று அந்தப் பிள்ளை சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். பழைய நாடகத்துக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. ஏதென்ஸ் ஜனங்களுக்கு ஆண்டிகனி முடிவு தெரியும். நம் ஜனங்களுக்கு வள்ளி கதை தெரியும். தெரிந்துகொண்டே வந்து விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமண'த்தை இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகமாக ஆடுகிறார்கள். தினைப்புனத்தில் வேலனும் வள்ளியும் வாதாடும் இடம் வந்தால், யார் எதைச் சொல்லி மடக்கப் போகிறார்கள் என்றுதான் கூட்டம் காத்திருக்கும். இரண்டு நடிகர்களும் வேறு வேறு ஊர்க்காரர்களாக இருப்பார்கள், அன்றைக்குத்தான் மேடையில் சந்திப்பார்கள்.

சரி, என் ஆதங்கத்துக்கு வருகிறேன். நீங்கள் லண்டனிலும் கிரீஸிலும் பார்க்கிறீர்கள். நம் திருநெல்வேலியிலேயே நடக்கிற கதை ஒன்று, நம் பல்கலைக்கழகத்துக்கே பெயர் கொடுத்தது, யாராவது மேடையில் பார்த்திருக்கிறீர்களா? 'மனோன்மணீயம்' 1891-இல் வந்தது. ஐந்து அங்கம், இருபது களம், பெரும்பாலும் ஆசிரியப்பா. அதை எழுதிய சுந்தரம் பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவின் 'ரகசிய வழி' என்ற கதைப்பாட்டை எடுத்து நம் மண்ணில் நட்டார். பாண்டியன் சீவகன், மந்திரி குடிலன் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்கு வந்து கோட்டை கட்டுகிறான். கோட்டை கட்டிவிட்டோம், இனி ஒருவராலும் அசைக்க முடியாது என்று ராஜா பூரிக்கிறான். ராஜாவின் குருவான சுந்தர முனிவர் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து சுரங்கம் வெட்டுகிறார். அந்த முனிவரின் பெயர் ஆசிரியரின் குருவான கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் பெயர். கோடகநல்லூர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் தினமும் எழுந்து நின்று 'நீராருங் கடலுடுத்த' பாடினோம். அது ஒரு நாடகத்தின் முகப்பு வாழ்த்து. வாழ்த்து முடிந்தால் திரை விலக வேண்டும். நமக்கு வாழ்த்தோடு நின்றுவிட்டது.


தச்சநல்லூர்_வாசகன்:

டீச்சர், வணக்கம். மனோன்மணீயம் படிப்பதற்காக எழுதிய நாடகம், நடிப்பதற்கு ஆகாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீள நீளமான பேச்சு, தத்துவம். இன்றைய கூட்டம் உட்காருமா?


ஓய்வுபெற்ற_டீச்சர்:

அந்தப் பிள்ளை பார்த்த நாடகங்களிலும் நீளப் பேச்சு இருக்கிறது, தத்துவம் இருக்கிறது. வெட்டிச் சுருக்கித்தான் ஆடுகிறார்கள். 'கிங் லியர்' நாடகத்தையே நேயம் டேட் என்பவர் 1681-இல் சுப முடிவாக மாற்றி எழுத, நூறு வருஷத்துக்கு மேல் அதைத்தான் அங்கே ஆடினார்கள். அவர்கள் கைவைக்காத நூல் இல்லை. நாம் கைவைக்கவும் பயப்படுகிறோம், ஆடவும் பயப்படுகிறோம். அதே 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' ஆக்கி, மெக்பெத்தை 'மகபதி' ஆக்கித் தமிழில் கொண்டுவந்தார். வந்த நாடகத்துக்குத் துணிந்த நாம் சொந்த நாடகத்துக்கு ஏன் துணியவில்லை?


வில்லடி_அம்பை:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம். எங்கள் அப்பா காலத்திலிருந்து வில்லுப்பாட்டுத்தான் தொழில். நாடகம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தங்கச்சி எழுதிய கோமகள் கதையைப் படித்ததும் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் அது முத்துப்பட்டன் கதை. அந்தணன் முத்துப்பட்டன், காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கச்சி பாடுவதைக் கேட்டு மயங்கிப்போகிறான். சக்கிலியர் குலத்துப் பெண்கள். கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான். அவர்கள் அப்பா வாலப்பகடை, பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, எங்களைப்போலச் செருப்புத் தைத்துக் கொண்டுவா, அப்புறம் பெண் தருகிறேன் என்கிறார். அவனும் செய்கிறான். கல்யாண ராத்திரியே மாடு திருடர்கள் வந்துவிடுகிறார்கள். அவர்களை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கும்போது, ஒளிந்திருந்த ஒருவன் முதுகில் குத்திவிடுகிறான். பெண்கள் இரண்டு பேரும் செத்த முத்துப்பட்டனோடு தீயில் இறங்குகிறார்கள். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில், பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமான அவன் சன்னதியில் இன்றைக்கும் ஜனங்கள் நேர்ந்துகொண்டு செருப்புக் கட்டுகிறார்கள். ஆடி அமாவாசைக்கு வந்து பாருங்கள்.

இந்தக் கதையைப் பாடும்போது வாலப்பகடை பேசும் இடம்தான் பலம். ஏழைத் தகப்பன், எதிரே நிற்பவனைப் பார்த்துப் பயப்படாமல் தன் நிபந்தனையைச் சொல்லுவார். குடமும் உடுக்கையும் தணிந்து, வீசுகோல் மட்டும் மணியில் தட்ட, வசனமாகச் சொல்லணும். அப்போது முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவிமார் முகத்தைப் பார்ப்பேன். தங்கச்சி குளோப்பில் பார்த்ததாகச் சொன்ன விஷயம் எனக்கு அதனால் புரிகிறது. முகம் தெரியாவிட்டால் எனக்குப் பாட வராது. இப்போது மேடையில் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு போட்டுவிடுகிறார்கள், எதிரே ஒன்றும் தெரிவதில்லை. அந்த விளக்கைத் திருப்பி வைக்கச் சொல்லித்தான் ஒவ்வொரு ஊரிலும் முதலில் கேட்கிறேன்.


பாளைமாணவி:

அண்ணாச்சி, விளக்கு பற்றி நீங்கள் சொன்னதையேதான் குளோப்பிலும் சண்டையாகப் போட்டிருக்கிறார்கள். 2016-இல் எம்மா ரைஸ் என்பவர் அங்கே கலை இயக்குநராக வந்து, நவீன விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்து நாடகம் போட்டார். கூட்டம் நன்றாகவே வந்தது. ஆனால் நடிகருக்கும் பார்ப்பவருக்கும் ஒரே வெளிச்சம் என்ற அடிப்படைக்காகத்தான் இந்த அரங்கையே கட்டினோம் என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. அவர் 2018-இல் விலகினார். இங்குள்ள நண்பர்கள் இன்றைக்கும் இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். புதிய ஆட்களைக் கொண்டுவந்தவரை அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கட்சி. நான் வெயிலில் அந்தச் சுடரைப் பார்த்தவள், அதனால் நிர்வாகக் குழு பக்கம்.


கரையிருப்பு:

அண்ணாச்சி, அக்கா, மனதில் பட்டதைக் கேட்கிறேன். கொல்லப்பட்டவர்களைச் சாமியாக்கிக் கும்பிட்டுவிட்டால், கொன்ற ஆள் தப்பித்துக்கொள்கிறான் இல்லையா? பீடம் கட்டி, கிடா வெட்டிவிட்டால் பயம் தெளிந்துவிடும். அடுத்த தலைமுறையில் இன்னொரு பெண்ணைக் கொல்கிறார்கள். வெப்ஸ்டர் நாடகத்தில் அண்ணன்மார் செத்துப்போகிறார்கள். அதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நம் கதையில் சமாதானம்தானே இருக்கிறது? அக்கா அதைப் பெருமையாகச் சொன்னது எனக்கு ஒப்பவில்லை.


மியூனிக்_நெல்லை:

நல்ல கேள்வி தம்பி. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தது, சாதி மீறிக் கல்யாணம் செய்தவர்களின் வரலாறு இதற்குள் இருக்கிறது என்பதால்தான். முத்துப்பட்டன் கதை அச்சில் பரவலாகக் கிடைப்பதற்கு அவர் உழைப்பு முக்கியக் காரணம். ஆனால் பாட்டில் இருப்பது தெருவில் நடக்கிறதா என்று நீ கேட்கிறாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வில்லடி அண்ணாச்சி சொல்லட்டும்.


வில்லடி_அம்பை:

தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கதையில் கொன்றவன் பெயர், ஊர், என்ன சொல்லி ஏமாற்றினான் என்பது எல்லாம் வரும். அவன் வம்சத்தார் என்று சொல்லிக்கொள்கிறவர்களும் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். வருஷா வருஷம் அவர்கள் காதில் அது விழும். கிடா வெட்டினாலும் அந்த வரி போகாது. அதனால்தான் சில ஊரில், இந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பாடுங்கள் என்று கேட்கிறார்கள். சாதிப் பெயரை மாற்றிச் சொல்லச் சொன்ன ஊரும் உண்டு. எங்கள் அப்பா ஒரு ஊரில் மறுத்துவிட்டு வில்லைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வருஷம் அங்கே எங்களைக் கூப்பிடவில்லை. பாட்டு ஒன்றும் செய்யாது என்றால் விட்டுப்பாடச் சொல்லிக் கேட்பார்களா?

ஆனால் தெருவில் நடப்பதைப் பாட்டு மட்டும் நிறுத்திவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.


தச்சநல்லூர்_வாசகன்:

அண்ணாச்சி சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொடை வழிபாடு என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன். பார்வையாளர் மனது நோகுமே என்று நாடகக்காரர் வரியை மாற்றலாம். சாமி முன்னால் பாடும் வரியை மாற்றக் கூடாது. அதற்குக் காவலே அது வழிபாடாக இருப்பதுதான்.


பாளைமாணவி:

கரையிருப்புத் தம்பி, நான் பெருமை என்று நினைத்து எழுதவில்லை, அவளுக்கு ஒரு குரல் இருக்கிறதே என்று எழுதினேன். ஆனால் உன் கேள்வி சரியான இடத்தில்தான் நிற்கிறது. அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் நடந்தபோது எனக்கும் கோபம்தான் இருந்தது. கொல்லப்படுவதற்கு முன்னால், நான் இப்போதும் மால்ஃபியின் கோமகள்தான் என்று அவள் சொல்கிறாள். அதை உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு தகவல். 2012-இல் குளோப்பில் ஒரு விழா நடத்தினார்கள். ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்கள், 37 மொழிகள். உலகம் முழுக்க இருந்து குழுக்கள் வந்தன. இந்தி, குஜராத்தி, வங்காளம், உருது எல்லாம் இருந்தது. தமிழ் இல்லை. அங்கே போகாதது பெரிய குறை இல்லை. டீச்சர் சொன்ன பிறகு, நம் ஊரிலேயே நம் நாடகம் இல்லாததுதான் என்னை உறுத்துகிறது. மனோன்மணீயத்தை இணையத்தில் எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டேன். நாலு பேர் சேர்ந்து சத்தமாக வாசித்தாலே போதும் என்று தோன்றுகிறது. வைகாசியில் ஊருக்கு வருகிறேன். டீச்சர், எந்த இடத்தில் தொடங்கலாம்?


ஓய்வுபெற்ற_டீச்சர்:

வா பிள்ளை. என் வீட்டு மாடியிலேயே வாசிக்கலாம். முதல் களத்திலிருந்து தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவீர்கள். குடிலன் மகன் பலதேவன் சேர நாட்டுக்குத் தூது போகும் இடத்தில் தொடங்குங்கள். கல்யாணம் பேசப் போனவன் வாய்க்கொழுப்பால் யுத்தத்தை வாங்கிக்கொண்டு வருகிறான். விறுவிறுப்பான இடம். நாஞ்சில் நாட்டு உரிமைச் சண்டையும் அதில் வருகிறது, நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அப்புறம் கடைசிக் களம். நடுநிசி, பலதேவனுக்கு மாலையிட ராஜா மகள் மனோன்மணியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவள் கனவில் கண்ட சேர ராஜா புருடோத்தமன் சுரங்க வழியாக வந்து நிற்கிறான். அந்த இடத்தை மேடையில் பார்க்காமல் விடக்கூடாது.


வில்லடி_அம்பை:

டீச்சரம்மா, அந்தத் தூது களத்தை எனக்கு அனுப்பிவைக்க முடியுமா? ராஜா சபையில் தூதன் பேசுவது எங்களுக்குப் பழக்கமான கட்டம். வலத்தில் நான் பலதேவன், இடத்தில் தம்பி சேர ராஜா என்று வைத்துத் தர்க்கமாகப் பாடிப் பார்க்கலாம். அகவலை அப்படியே உடுக்கையில் உட்கார வைக்க முடியும், எங்கள் பாட்டிலும் பாதி அந்த ஓட்டம்தான். சுரங்கத்தில் வரும் இடத்துக்கு என்ன மெட்டு என்று யோசிக்கணும். கொடை இல்லாத நாளாகச் சொல்லுங்கள், குடம் அடிக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். விளக்கு மட்டும் எங்கள் கண்ணுக்கு நேரே வேண்டாம்.